ஜீன் எகிறினால் மீன் பிழைக்குமா?

சீர்காழிக்குக் கிழக்கே, உப்பனாற்றுத் தண்ணீர் ஏறி இறங்கும் ஒரு கொடுவாப் பண்ணை. தீவன மூட்டைகள் அடுக்கிய கொட்டகையில் பண்ணைக்காரர், நான்காக மடித்த வழவழப்பான தாள் ஒன்றை என்னிடம் நீட்டினார். மேலே துள்ளும் கொடுவாவின் படம். கீழே ஆறு ஜோடிப் பட்டைகள். சாம்பல் நிறப் பட்டை வெறும் தீவனம் தின்ற மீனுக்கு. பச்சைப் பட்டை மூலிகைப் பவுடர் கலந்த தீவனம் தின்ற மீனுக்கு. ஆறிலும் பச்சைதான் இரண்டு மூன்று மடங்கு உயரம். பட்டைகளுக்கு அடியில் ஐஎல்-1பீட்டா, டிஎன்எஃப்-ஆல்ஃபா, எம்எக்ஸ் என்று வரிசையாகப் பெயர்கள். அதற்கும் கீழே கொட்டை எழுத்தில், நோய் எதிர்ப்பு ஜீன்கள் எகிறுகின்றன என்று ஓர் அறிவிப்பு.

"எகிறுதுன்னு போட்டிருக்கான் சார். எகிறினா மீன் சாகாதா?" என்று கேட்டார்.

கடல்மீன் வளர்ப்பை ஒட்டிக் கடந்த இருபது ஆண்டுகளில் வந்த ஆய்வுக் கட்டுரைகளைப் புரட்டினால், இந்தப் பட்டைப் படம் திரும்பத் திரும்ப வரும். பூண்டு கொடுத்தோம், ஜீன் எகிறியது. மஞ்சள் கொடுத்தோம், எகிறியது. ஈஸ்ட்டின் செல்சுவரிலிருந்து எடுத்த பீட்டா குளுக்கான் கொடுத்தோம், எகிறியது. கடற்பாசி, வேப்பிலை, கருஞ்சீரகம், எல்லாவற்றுக்கும் அதே விடை. இப்படியே படித்துக்கொண்டு போனால் நம் சமையலறை அலமாரியில் மீனைக் காப்பாற்றாத பொருளே இல்லை என்று தோன்றிவிடும். பண்ணைகளில் மீன் மட்டும் செத்துக்கொண்டேயிருக்கிறது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிழைத்த மீனையும் செத்த மீனையும் எண்ணிக் காட்டாத பட்டைப் படத்தை நம்பி ஒரு விவசாயி ஒரு ரூபாய்கூடப் போடக் கூடாது. அந்த எண்ணிக்கையைக் கேட்டு வாங்க வேண்டிய பொறுப்பு அவர் தலையில் மட்டும் விழவும் கூடாது.

இந்த ஜீன்கள் என்ன செய்கின்றன என்பதைப் பார்த்துவிடலாம். ஒரு வைரஸ் செல்லுக்குள் புகுந்ததை முதலில் மோப்பம் பிடிப்பவை சில புரதங்கள். அவை மோப்பம் பிடித்ததும் ஒன்றன்பின் ஒன்றாகச் சில சமிக்ஞைகள் ஓடி செல்லின் கருவுக்குள் போய், தூங்கிக்கொண்டிருக்கும் ஜீன்களைத் தட்டி எழுப்புகின்றன. எழுந்த ஜீன்கள் தம் பங்குக்கு வேறு புரதங்களை உண்டாக்கி, பக்கத்துச் செல்களுக்கும் ரத்தத்துக்கும் சேதி அனுப்புகின்றன. அந்தச் சேதிகளில் புகழ்பெற்றது இன்டர்ஃபெரான். 1957இல் லண்டனில் அலிக் ஐசக்ஸும் ஜான் லிண்டன்மனும் கோழி முட்டைச் சவ்வில் இன்ஃப்ளூயன்சா வைரஸை வைத்துச் சோதித்தபோது அதைக் கண்டார்கள். செயலிழக்கச் செய்த வைரஸ் பட்ட சவ்வு எதையோ கசியவிடுகிறது. அது பட்ட புதுச் சவ்வில் உயிருள்ள வைரஸ் வளர மறுக்கிறது. சில ஆண்டுகளில் அதே லிண்டன்மன், இன்ஃப்ளூயன்சாவுக்குச் சாகாத ஓர் எலி இனத்தையும் அடையாளம் கண்டார். அந்த எலியிடம் இருந்தது எம்எக்ஸ் என்ற ஜீன். பண்ணைக்காரர் கையிலிருந்த தாளில் ஆறில் ஒன்றாக நின்ற அதே எம்எக்ஸ்தான்.

மோப்பம் பிடிக்கும் புரதங்களின் கதை ஈயிலிருந்து வந்தது. பழ ஈயின் கரு வளர்ச்சிக்கு டோல் என்று ஒரு ஜீன் வேண்டும் என்பது 1980களிலேயே தெரியும். 1996இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஜூல்ஸ் ஹாஃப்மனின் ஆய்வகத்தார், அந்த ஜீன் கெட்டுப்போன ஈக்கள் பூஞ்சை பிடித்துச் சாவதைக் காட்டினார்கள். இரண்டு ஆண்டுகளில் புரூஸ் பாய்ட்லர் எலியிலும் டோலின் உறவுக்காரப் புரதம் பாக்டீரியாவின் நஞ்சை உணர்வதைக் கண்டுபிடித்தார். 2011இன் மருத்துவ நோபலில் இருவருக்கும் பங்கு கிடைத்தது. மீன்களிலும் டோல் குடும்பம் உண்டு. சொல்லப்போனால் நம்மைவிடப் பெரிய குடும்பம். நமக்கு இல்லாத சில உறுப்பினர்கள் மீன்களுக்கு உண்டு. நமக்கு முக்கியமான, அந்த நஞ்சை உணரும் டோல்-4 பெரும்பாலான மீன்களில் கிடையாது. மனிதனை அதிர்ச்சியில் சாய்த்துவிடும் அளவைப் போலப் பல மடங்கு பாக்டீரிய நஞ்சை மீன் தாங்கிக்கொள்ளும். மீனின் இன்டர்ஃபெரான் ஜீனையே 2003இல்தான் வரிக்குவரி படித்தார்கள். ஐசக்ஸ் சவ்வைப் பார்த்து 46 ஆண்டுகள் கழித்து!

மனிதனுக்கும் கோழிக்கும் பார்த்ததை வைத்து மீனை எடைபோடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். மீனுக்கு எலும்பு மஜ்ஜையில் ரத்தம் ஊறுவதில்லை. நிணநீர்க் கணுக்களும் கிடையாது. வீட்டில் மீன் கழுவும்போது, வயிற்றைத் திறந்து குடலை எடுத்த பிறகு முதுகெலும்பை ஒட்டிக் கறுஞ்சிவப்பாக ஒரு கோடு தெரியுமே, நகத்தால் சுரண்டி எறிவோமே, அது சிறுநீரகம். அதன் முன்பக்கம், தலையை ஒட்டிய துண்டு, சிறுநீர் வேலையை விட்டுவிட்டு ரத்த அணுக்களை உண்டாக்குகிறது. மீனின் எதிர்ப்பாற்றலைப் படிக்கிறவர்கள் முதலில் வெட்டி எடுப்பது இந்தத் தலைச்சிறுநீரகத்தைத்தான்.

இதைவிட ஆச்சரியம் காட் மீன். அதன் ஈரலிலிருந்து எடுத்த எண்ணெயை நம் வீடுகளில் சிறுவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கியிருக்கிறார்கள். 2011இல் நார்வே ஆய்வாளர்கள் அட்லாண்டிக் காட் மீனின் மரபணுத் தொகுதியை முழுக்கப் படித்து வெளியிட்டபோது, எம்எச்சி இரண்டாம் வகை என்ற ஏற்பாடே அதில் இல்லை என்று தெரிந்தது. பாக்டீரியாவின் துண்டைப் பிடித்து எதிர்ப்பு அணுக்களிடம் அடையாளம் காட்டுகிற ஏற்பாடு அது. அது இல்லாமல் முதுகெலும்புள்ள உயிர் பிழைக்காது என்றுதான் பாடப்புத்தகம் எழுதியிருந்தது. காட் மீனோ வடக்குக் கடல்களில் லட்சக்கணக்கான ஆண்டுகளாகப் பிழைத்துக்கொண்டிருக்கிறது. எம்எச்சி முதல் வகையையும் டோல் வரிசையில் சிலவற்றையும் பெருக்கி வைத்து ஈடுகட்டுகிறது போலும். ஒரு மீனில் இந்த ஜீன் எகிறினால் இன்ன பலன் என்று இன்னொரு மீனுக்கு அப்படியே எழுதித் தருகிறவர்கள் காட் மீனை ஒருமுறை நினைத்துக்கொள்ள வேண்டும்.

இனி அந்தப் பட்டைகள் எப்படி வருகின்றன என்று பார்ப்போம்.

மீனைக் கொன்று, தலைச்சிறுநீரகத்திலிருந்தோ மண்ணீரலிலிருந்தோ ஒரு துளி எடுத்து, அதிலுள்ள ஆர்என்ஏவைப் பிரிக்கிறார்கள். ஜீன் விழித்தெழுந்தால் அது எழுதி அனுப்பும் சீட்டுதான் ஆர்என்ஏ. அதை டிஎன்ஏவாக மாற்றி, கொரோனா காலத்தில் நாம் எல்லோரும் பெயர் கேட்ட பிசிஆர் எந்திரத்தில் வைத்துப் பெருக்குகிறார்கள். ஒரு சுற்றுக்கு இரண்டு மடங்கு. மூன்று சுற்றுக்கு எட்டு. பத்துச் சுற்றுக்கு ஆயிரத்தைத் தாண்டும். எத்தனையாவது சுற்றில் விளக்கு எரிகிறது என்று பார்த்து, ஆரம்பத்தில் எத்தனை சீட்டு இருந்தது என்று கணக்குப் போடுகிறார்கள்.

முதல் சிக்கல் இங்கேயே. நீங்கள் எண்ணுவது சீட்டை. ஓட்டலில் சர்வர் சமையற்கட்டுக்கு அனுப்பிய சீட்டுகளை எண்ணிவிட்டு, இத்தனை தோசை சாப்பிடப்பட்டது என்று சொல்வது போன்றது இது. கல் சூடாகாமல் இருக்கலாம், மாவு தீர்ந்திருக்கலாம், கருகியதைத் தூக்கி எறிந்திருக்கலாம். புரதத்தையே நேராக அளக்கலாமே என்று கேட்கலாம். எலிக்கும் மனிதனுக்கும் அதற்கான ஆன்டிபாடிகள் கடைச்சரக்குபோலக் கிடைக்கின்றன. கொடுவாவுக்கு அப்படிக் கிடைப்பது சொற்பம். ஆகவே கைக்கு எட்டியதை அளக்கிறார்கள். அதில் குற்றமில்லை. அளந்ததற்கு மேல் பேசுவதில்தான் குற்றம்.

இரண்டாவது சிக்கல் அளவுகோல். ஒவ்வொரு மீனிலிருந்தும் எடுத்த துளி ஒரே அளவாக இருக்காது. அதைச் சரிக்கட்ட, எந்த நிலையிலும் மாறாது என்று நம்பும் ஒரு ஜீனோடு ஒப்பிடுகிறார்கள். பெரும்பாலும் பீட்டா ஆக்டின். ஆனால் நோய் கண்டாலோ பட்டினி கிடந்தாலோ வெப்பம் மாறினாலோ ஆக்டினும் மாறும் என்பது ஆய்வகத்தில் கை நனைத்த எல்லோருக்கும் தெரியும். துணிக்கடையில் கஜக்கோலே சுருங்கினால், துணி நீண்டதாகத் தெரியும் அல்லவா? இதையெல்லாம் ஒழுங்குபடுத்த 2009இலேயே உலக அளவில் ஒரு வழிகாட்டு நெறி எழுதிவைத்தார்கள். எத்தனை கட்டுரைகள் அதை முழுக்கப் பின்பற்றுகின்றன என்று கேட்டால் அந்தத் துறைக்காரர்களே சிரிப்பார்கள்.

மூன்றாவது, மடங்கு என்ற சொல்லின் மயக்கம். பையில் இரண்டு ரூபாய் வைத்திருந்தவனிடம் இருநூறு ரூபாய் வந்தால் நூறு மடங்கு. அவன் இன்னும் ஏழைதான். நோயில்லாத மீனில் இன்டர்ஃபெரான் சீட்டு ஏறக்குறைய பூஜ்யம். அது நூறு மடங்காயிற்று என்பது பார்க்கப் பிரமாதமாக இருக்கும். எந்த நேரத்தில் பார்த்தோம் என்பதும் சேர்ந்துகொள்கிறது. இவை மணிக்கணக்கில் ஏறி இறங்குகிற ஜீன்கள். ஆறு மணி நேரத்தில் உச்சியில் இருந்தது மூன்றாம் நாள் தரையில் கிடக்கும். அறுபது நாள் பவுடர் தின்ற மீனை ஒரே ஒரு காலையில் அறுத்துப் பார்த்து எழுதிய பட்டை எதைச் சொல்லும்?

இவற்றையெல்லாம் திருத்திவிடலாம். திருத்தவே முடியாத ஒன்று உண்டு. அதை நார்வேயின் சோயாவை வைத்துச் சொன்னால் புரியும்.

சால்மன் மீனுக்கு விலை குறைந்த புரதமாக சோயா புண்ணாக்கைத் தீவனத்தில் சேர்த்தார்கள். மீனின் பின்குடல் வீங்கியது, மடிப்புகள் சுருங்கின, ரத்த வெள்ளணுக்கள் குடல்சுவரில் குவிந்தன. சோயாவால் வரும் குடல் அழற்சி என்று 1990களிலேயே அதற்குப் பெயர் வைத்தாயிற்று. அந்தக் குடலில் ஜீன்களை அளந்தபோது என்ன எகிறியிருந்தது? ஐஎல்-1பீட்டா போன்ற அதே அழற்சிச் சமிக்ஞைகள். சோயா தின்ற குடலில் எகிறினால் நோய் என்கிறோம்; மூலிகைப் பவுடர் தின்ற குடலில் எகிறினால் எதிர்ப்பு சக்தி என்கிறோம். பட்டை ஒன்றே. மேலே ஒட்டிய பெயர்தான் வேறு. பவுடரும் குடலைப் புண்ணாக்கியிருக்குமோ என்ற சந்தேகம் அந்த வழவழப்பான தாளை எழுதியவருக்கு வந்திருக்க வேண்டும். வந்ததாகத் தெரியவில்லை.

காய்ச்சல் வந்த பிள்ளையின் உடம்பு சுடுகிறது. உடம்பு கிருமியோடு மல்லுக்கட்டுகிறது என்று அதற்குப் பொருள். அதற்காகச் சுடும் பிள்ளைதான் ஆரோக்கியமான பிள்ளை என்று எந்தப் பாட்டியும் சொன்னதில்லை.

கொடுவாவுக்கே வருகிறேன். நம் கடலோரத்துக்கு இந்த மீன் புதிதல்ல, வளர்ப்புதான் புதிது. கழிமுகத்தில் ஏறி இறங்கி வாழ்வது, உப்பையும் நன்னீரையும் தாங்குவது, நல்ல விலை போவது. முதலில் ஆணாக இருந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறுவது. 1997இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் இந்தியாவில் முதல் முறையாக அதைப் பிடித்துவைத்து முட்டையிட வைத்தது. இன்று ஹேச்சரிக்காரர்களின் தூக்கத்தைக் கெடுக்கும் பெயர் நோடா வைரஸ்.

அளவில் மிகச் சிறிய வைரஸ் அது. இரண்டே துண்டு ஆர்என்ஏ. 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆஸ்திரேலியாவின் கொடுவாக் குஞ்சுகளிலும் ஜப்பானின் வளர்ப்பு மீன்களிலும் இந்த நோய் பதிவானது. இந்தியாவில் 2000களில் கண்டார்கள். கண்ணின் விழித்திரையிலும் மூளையிலும் புகுந்து, திசுவைப் பஞ்சுபோலப் பொத்தலாக்கிவிடும். குஞ்சு நிறம் மாறும், தீனி எடுக்காது, திருகு ஆணி இறங்குவதுபோலச் சுழன்று சுழன்று நீந்தும். பொரித்துச் சில வாரங்களே ஆன குஞ்சுத் தொட்டியில் புகுந்தால் தொட்டியையே காலி செய்துவிடும். ஹேச்சரிகளில் காலையில் தொட்டியின் அடியில் வெண்மணல் படிந்ததுபோல் குஞ்சுகள் கிடப்பதைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

அப்படிச் செத்துக்கொண்டிருக்கும் மீனின் மூளையை எடுத்து பிசிஆரில் வைத்தால் தெரிவது என்ன? இன்டர்ஃபெரானும் எம்எக்ஸும் நன்றாக ஏறியிருக்கும். தாளில் இருந்த பச்சைப் பட்டைகளையெல்லாம் குள்ளமாக்கிவிடும் அளவுக்குக்கூட ஏறும். பண்ணைக்காரர் கேட்ட கேள்விக்கு நேரான பதில் இதுதான்: எகிறும், சாகவும் சாகும். வீடு பற்றி எரியும்போது மணி பலமாகத்தான் அடிக்கும். வைரஸும் சும்மா இருப்பதில்லை; செல்லின் ஆர்என்ஏ பாதுகாப்பு ஒன்றை முடக்குவதற்கென்றே பி2 என்ற சிறு புரதத்தைச் செய்துகொள்கிறது. கூடவே மூளைச் செல் என்பது செத்தால் ஈடுகட்டச் சுலபமான செல் அல்ல. எச்சரிக்கை சரியாக ஒலித்தும் ஆள் வருவதற்குள் காரியம் முடிந்துவிடுகிறது.

குஞ்சுப் பருவத்தில் இது இன்னும் கொடுமை. பிறந்த குஞ்சுக்கு மோப்ப ஜீன்கள் ஓரளவு வேலை செய்யும். ஒரு கிருமியை நினைவில் வைத்து அதற்கென்றே ஆன்டிபாடி உண்டாக்கும் திறன் முதிர வாரக்கணக்கில் ஆகும். வைரஸ் அந்த இடைவெளியில்தான் வருகிறது. வருவது பெரும்பாலும் தாயிடமிருந்து. நோய் தாங்கிப் பிழைத்த மீன் வெளியே பார்க்க வாட்டசாட்டமாக இருக்கும். உள்ளே வைரஸைச் சுமந்துகொண்டிருக்கும். முட்டையோடு அதையும் இறக்கும். முன்னே சொன்னதுபோலக் கொடுவாவில் பெண் என்றாலே வயது கூடிய மீன். அத்தனை ஆண்டுகளில் எத்தனை முறை வைரஸைச் சந்தித்திருக்குமோ! ஒரு தாய்மீன் லட்சக்கணக்கில் முட்டையிடுகிறது. அந்த ஒரு மீனைச் சோதித்துப் பார்க்காமல் அதன் லட்சம் பிள்ளைகளுக்குப் பவுடர் வாங்குவது, கிணற்றில் விழுந்த நாயை எடுக்காமல் குடத்துக்குக் குடம் தண்ணீரை வடிகட்டுவது போலத்தான்.

மீனுக்கே உரிய இன்னொரு சங்கதி வெப்பம். மீனின் எதிர்ப்பாற்றல் தண்ணீரின் சூட்டோடு ஓடுகிறது. தடுப்பூசி போட்டபின் பலன் தெரிய எத்தனை நாள் என்று சால்மன்காரர்கள் கணக்கிடுவதில்லை. நாளையும் வெப்பநிலையையும் பெருக்கிக் கணக்கிடுகிறார்கள். ஏறத்தாழ 500 டிகிரி-நாள் என்பது அவர்கள் வழக்கு. பத்து டிகிரித் தண்ணீரில் ஐம்பது நாள். அதே கணக்கு நம் 28 டிகிரித் தண்ணீருக்கும் பொருந்துமானால் பதினெட்டு நாளில் முடிந்துவிடும். வைரஸும் அதே வேகத்தில் பெருகும் என்பதால் இதில் பெரிதாக மகிழ ஒன்றுமில்லை. 2013இல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. வரிக்குதிரை மீன்களுக்கு வைரஸ் போலத் தோன்றும் ஆர்என்ஏவைக் கொடுத்துவிட்டு, ஒரு பக்கம் குளிர்ச்சியும் மறுபக்கம் வெம்மையுமான தொட்டியில் விட்டார்கள். மீன்கள் தாமாகச் சூடான பக்கம் நீந்திப் போய் நின்றன. தனக்குத் தானே காய்ச்சலை வரவழைத்துக்கொண்டன என்று சொல்லலாம். அப்படி நகர்ந்த மீன்களில் எதிர்ப்பு ஜீன்களின் வேலை வலுத்தது. நகர வழியில்லாமல் ஒரே சூட்டில் வைத்த மீன்களில் அந்த அளவுக்கு வலுக்கவில்லை.

கூண்டிலோ குட்டையிலோ அடைபட்ட மீனுக்கு எங்கே போக இடம்? ஒரு மீட்டர் ஆழக் குட்டையில் மேலும் கீழும் ஒரே வெந்நீர். ஐப்பசி மழையில் ஒரே நாளில் உப்பும் சூடும் விழுந்துவிடும். மீன் தானே தேடிக்கொள்ளும் வைத்தியத்தைப் பறித்துவிட்டுத்தான் நாம் பாக்கெட்டில் வைத்தியம் விற்கிறோம்.

சரி, எங்காவது மீன் உண்மையிலேயே பிழைத்திருக்கிறதா? பிழைத்திருக்கிறது. 1987இல் நார்வே ஏறத்தாழ 50 ஆயிரம் டன் சால்மன் வளர்த்தது. அதற்குப் பயன்படுத்திய ஆன்டிபயாட்டிக் ஏறத்தாழ 50 டன். ஒரு டன் மீனுக்கு ஒரு கிலோ மருந்து! இன்று உற்பத்தி 15 லட்சம் டன்னை ஒட்டி நிற்கிறது. மொத்த ஆன்டிபயாட்டிக் ஒரு டன்னைத் தொடுவதில்லை. மாற்றியது 1990களின் தொடக்கத்தில் வந்த எண்ணெய்த் தடுப்பூசி. குளிர்நீர் விப்ரியோசிஸ், ஃபுருங்குலோசிஸ் என்ற இரண்டு பாக்டீரிய நோய்களுக்கு எதிராக, கடலுக்குப் போகுமுன் ஒவ்வொரு குஞ்சுக்கும், ஆம், ஒவ்வொன்றுக்கும், வயிற்றில் ஊசி. கூடவே பண்ணைகளுக்கிடையே இடைவெளி, ஒரு தலைமுறையை முழுக்க எடுத்தபின் கூண்டைக் காலியாகப் போட்டுவைப்பது என்ற கட்டுப்பாடுகள். ஊசிக்குப் பக்கவிளைவு இல்லாமலில்லை. வயிற்றுக்குள் உறுப்புகள் ஒட்டிக்கொண்டன, வளர்ச்சி குறைந்தது. அதையும் அவர்கள் எண்ணி எழுதினார்கள், மருந்தைத் திருத்தினார்கள்.

நார்வே சொர்க்கமும் அல்ல. 2023இல் மட்டும் அங்கே கடற்கூண்டுகளில் 6 கோடிக்கு மேற்பட்ட சால்மன்கள் செத்தன. கடற்பேனை ஒழிக்க மீனைப் படுத்தும் பாடும், இதயத்தையும் செவுளையும் தாக்கும் நோய்களும் முக்கியக் காரணங்கள். பாக்டீரியாவை வென்ற அளவுக்குத் தடுப்பூசி வைரஸை வெல்லவில்லை. ஆனால் 6 கோடி என்ற எண் நமக்குத் தெரிகிறதே, அதுதான் விஷயம். நம் கடலோரப் பண்ணைகளில் சென்ற ஆண்டு எத்தனை கொடுவா செத்தது என்று யாராவது ஒரு எண் சொல்லட்டும்.

சால்மனில் இன்னொரு கதை, ஜீனைத் தேடிப் போனவர்களுக்குப் பாடமானது. ஐபிஎன் என்ற வைரஸ் நோய் குஞ்சுகளைக் கொன்றுகொண்டிருந்தது. சில குடும்பத்து மீன்கள் மட்டும் சாகவில்லை. ஸ்காட்லாந்திலும் நார்வேயிலும் தனித்தனியே தேடியவர்கள் 2008ஐ ஒட்டி 26ஆம் குரோமசோமின் ஒரு துண்டில் வந்து நின்றார்கள். எல்லோரும் எதிர்பார்த்தது ஒரு இன்டர்ஃபெரானையோ ஒரு டோலையோ. 2015இல் நார்வேக் குழு சுட்டியது எபிதீலியல் கேடரின் என்ற புரதத்தின் ஜீனை. செல்லையும் செல்லையும் ஒட்டவைக்கும் பசை அது. வைரஸ் உள்ளே நுழையப் பிடித்துக்கொள்ளும் கைப்பிடியும் அதுதான் என்றார்கள். சாகாத மீனிடம் பெரிய படை எதுவும் இல்லை. அதன் கதவில் வைரஸுக்குக் கைப்பிடி கிடைக்கவில்லை, அவ்வளவுதான். 2021இல் எடின்பரோக் குழு ஒன்று, அதே துண்டில் இருக்கும் வேறு ஜீன்தான் காரணம் என்று வாதிட்டது. வழக்கு நடக்கட்டும். அதற்குள் அந்தத் துண்டைச் சுமக்கும் முட்டைகளை வாங்கிய பண்ணைகளில் ஐபிஎன் வீழ்ந்துவிட்டது. 2009இல் நார்வேயில் ஆண்டுக்கு 200க்கு மேல் இருந்த நோய்ப் பதிவுகள், சில ஆண்டுகளிலேயே சில பத்துகளாகச் சுருங்கின. எந்த ஜீன் என்று முடிவாகுமுன்பே மீன் பிழைத்தது. முதலில் பிழைத்த மீனை எண்ணி, பிறகு ஜீனைத் தேடியதால் கிடைத்த பலன் அது. நாம் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறோம்.

ஜீன்களை அளப்பதே வீண் என்று நான் சொல்லவில்லை. தடுப்பூசி ஒன்று சரியான சமிக்ஞையைத் தட்டியதா, இன்னொரு டோஸ் வேண்டுமா என்று ஆயிரம் மீனைக் கொல்லாமல் ஊகிக்க அது உதவும். ஒரே வைரஸுக்கு ஓர் இன மீன் சாக, இன்னோர் இனம் ஏன் தாங்குகிறது என்ற அடிப்படைக் கேள்விக்கு வேறு வழியில்லை. 2016இல் கொடுவாவின் மரபணுத் தொகுதி சிங்கப்பூர்க் குழுவின் முயற்சியில் வெளிவந்தபின் இந்தத் தேடலுக்கு நல்ல வரைபடமும் கிடைத்திருக்கிறது. நம் கல்லூரி ஆய்வகங்களில் மாணவர்கள் பட்ட மேற்படிப்புக்கு இதைச் செய்வதையும் குறைசொல்ல மாட்டேன். வைரஸை மீனுக்குக் கொடுத்துப் பார்க்கும் சோதனைக்குப் பாதுகாப்பான தொட்டியறை வேண்டும், கழிவுநீரைக் கொல்லும் வசதி வேண்டும், பணம் வேண்டும். பிசிஆர் எந்திரம் எல்லோரிடமும் இருக்கிறது. அளக்க முடிந்ததை அளந்து பட்டம் வாங்குகிறான் மாணவன். அவன் படத்தைக் கடன் வாங்கிப் பாக்கெட்டில் அச்சடிக்கிறவனைப் பற்றித்தான் என் பேச்சு.

உவர்நீர் நிறுவனம் கொடுவாவுக்கு நோடா தடுப்பூசி ஒன்றை உள்நாட்டிலேயே உருவாக்கியிருக்கிறது. வைரஸின் மேலுறைப் புரதத்தை ஆய்வகத்தில் செய்து, அதைக் கொண்டு மீனைப் பழக்கும் வகை. நல்ல முயற்சி, உரிய கவனம் கிடைக்கவில்லை என்பது என் வருத்தம். ஆனால் மேலே சொன்ன கணக்கை மறக்கக் கூடாது. நினைவாற்றல் முதிராத, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத குஞ்சுக்கு ஊசி போட முடியாது. ஆகவே முதல் வேலை தாய்மீனில். ஒவ்வொரு தாய்மீனுக்கும் அடையாளச் சில்லு, ஆண்டுக்கு இத்தனை முறை பிசிஆர், வைரஸ் சுமப்பதைக் கூட்டத்திலிருந்து விலக்குதல், முட்டையைக் கழுவுதல், பிறகு தடுப்பூசி. பிசிஆர் எந்திரத்துக்கு இதைவிட உருப்படியான வேலை எனக்குத் தெரியவில்லை. ஜீனை எண்ணுவதற்கு முன் வைரஸை எண்ணட்டும்.

பவுடர்களுக்கு வருவோம். சென்னையில் இருக்கும் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்திடம், பண்ணையில் போடும் இடுபொருள்களைப் பதிவு செய்யும் ஏற்பாடு இருக்கிறது. அந்தச் சான்றின் மையக் கேள்வி, தடை செய்த ஆன்டிபயாட்டிக் இதில் கலந்திருக்கிறதா என்பது. ஏற்றுமதியான இறால் திரும்பி வந்த காலத்தில் அது நியாயமான கேள்வி. இன்றைக்கும் தேவைதான். ஆனால் நஞ்சில்லை என்ற சான்றை, பலனுண்டு என்ற சான்றாகப் படிக்கும்படி பாக்கெட்டில் அச்சடிக்கிறார்கள். நோய் எதிர்ப்பைக் கூட்டும் என்று ஒரு பாக்கெட்டில் எழுத வேண்டுமானால், எந்தக் கிருமிக்கு எதிராக, எத்தனை மீனில், பவுடர் தின்றதில் எத்தனை பிழைத்தது, தின்னாததில் எத்தனை பிழைத்தது என்ற நான்கு விவரங்களைப் பக்கத்திலேயே அச்சிடச் சொல்லலாம். மீன் தடுப்பூசிக்காரர்கள் பல காலமாக இந்தக் கணக்கில்தான் பேசுகிறார்கள். ஊசி போடாத தொட்டியில் நூற்றுக்கு எண்பது செத்து, போட்ட தொட்டியில் இருபது செத்தால், சாக இருந்தவற்றில் முக்கால்வாசி காப்பாற்றப்பட்டது. பள்ளிக்கூடக் கணக்கு. கொட்டகையில் நின்றபடி விரல்விட்டு எண்ணலாம்.

2023இல் அந்த ஆணையத்தின் சட்டத்தைத் திருத்தி, கூண்டு வளர்ப்பு, கடற்பாசி எல்லாவற்றையும் அதன் கீழ் கொண்டுவந்தார்கள். சட்டம் விரிந்த வேகத்துக்கு நோய்ப் பதிவேடும் விரிய வேண்டும். எந்த ஹேச்சரிக் குஞ்சு, எந்தக் குட்டை, எந்த மாதம், எத்தனை சாவு: இவ்வளவு இருந்தால் போதும். கம்பெனிப் பெயரைப் போடாமல்கூட வெளியிடலாம். செத்ததைச் சொன்னால் குஞ்சு விற்காது என்ற பயம் ஹேச்சரிக்கு, கடன் கிடைக்காது என்ற பயம் விவசாயிக்கு. 1990களின் நடுவில் வெள்ளைப்புள்ளி நோய் இறாலைத் துடைத்தெடுத்தபோதும் இப்படித்தான் ஒருவருக்கொருவர் மறைத்தார்கள். ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுப்பவர்களுக்குள் என்ன ரகசியம்?

அன்று அந்தத் தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் கிலோவுக்கு எத்தனை கிராம் கலக்க வேண்டும் என்ற அட்டவணை, ஒரு செல்போன் எண், ஜீன் பெயர்களின் விரிவாக்கம். பிழைத்த மீன் எத்தனை என்று முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பண்ணைக்காரரிடம் சொன்னேன்: பவுடர் டீலரிடம் பிழைத்த கணக்கைக் கேளுங்கள்; அதைவிட முக்கியம், குஞ்சு வாங்கும் இடத்தில் தாய்மீனுக்கு நோடா பார்த்த ரிப்போர்ட்டைக் கேளுங்கள்.

பத்து நாள் கழித்துப் போன் செய்தார். டீலர் மேலே கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாராம். ஹேச்சரிக்காரர் மட்டும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இத இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லயே" என்றாராம்.